ஜீப் வந்தால் கதவடைக்கும் தெரு

எம். புதுப்பட்டி கீழத்தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் முதலில் கத்துகிறவள் ராக்காயிதான். அவளுக்கு அந்தத் தொண்டையைக் கொடுத்தது எந்தச் சாமியோ, தெருமுனையில் நின்று "ஏய், ஜீப்புடீ!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடும். கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். பிள்ளைகளை வேலைக்கு விடுகிறார்களா என்று பார்க்க வரும் ஆபீசர்களின் ஜீப் அது. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்: "இங்கன பிள்ளையே கெடையாதுய்யா." ஒரு தடவை நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டே அப்படிச் சொன்னாள். பயம் வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்யும்?

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரத்தில், ஒரு சாயங்காலம் கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட்டுப் போன கையோடு அப்படி ஒரு ஜீப் வந்தது. வழக்கம்போல ராக்காயி கத்தினாள். வழக்கம்போல மாரிசெல்வியும் கதவைச் சாத்தினாள். அவள் மகன் எழிலுக்கு ஐந்து வயது. கழுத்து சரியாக நிற்காது, முதுகு நிற்காது, கையும் காலும் முறுக்கிக்கொள்ளும். கண் மட்டும் ஒன்று விடாமல் பார்க்கும். அவன் குழாய் உருட்டப் போகிறானா, திரி வைக்கப் போகிறானா? அவனை எதற்கு ஒளிக்க வேண்டும்? தெருவே ஒளிக்கிறது, அவளும் ஒளித்தாள். பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் பக்கத்தில் படுத்து, அவன் சத்தம் போடாமல் இருக்க உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல் கேட்டது. "வீட்ல யாராவது இருக்கீங்களாம்மா? பிள்ளைங்க இருக்காங்களா?"

"இங்கன பிள்ளையே கெடையாது!" என்று கட்டிலுக்கு அடியில் இருந்தே மாரிசெல்வி கத்தினாள். அவள் கைக்குள்ளே எழிலின் மூச்சு சூடாக அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது மாரிசெல்வியின் வியாதியைச் சொல்ல வேண்டும். எதையும் என்ன ஏது என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஊரில் அவளுக்கு சி.பி.ஐ. மாரி என்றுதான் பெயர். யார் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், யார் எந்தக் கம்பெனியை விட்டு எந்தக் கம்பெனிக்கு மாறினார்கள், எல்லாம் அவளிடம் கேட்டால் தெரியும். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் கட்டிலடியில் இருந்து உருண்டு வந்து கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். ஆபீசர் ஜீப் இப்படி இருக்காதே. இது பழைய நீல ஜீப். பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது நாலைந்து நாற்காலி. ஒன்றுக்கும் கால் இல்லை.

ஆபீசர் எதற்கு நாற்காலி கொண்டு வருகிறான்? அதுவும் கால் இல்லாத நாற்காலி? இந்த யோசனை அவளை விடாமல் அரித்தது. ராத்திரி சாப்பாட்டின்போது புருஷன் முனியராஜிடம் கேட்டாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்துத் தூளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவன், "ஒனக்கு வேற சோலியே இல்லையா?" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அதற்கடுத்த வாரம் எழிலின் காலுக்குத் தடவும் தைலம் வாங்க அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு விருதுநகர் போனாள். பஜாரில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே நடந்தபோது, அதோ நிற்கிறது அந்த நீல ஜீப்! லாரிக்கு வழி விட்டு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் அதே மொட்டை நாற்காலிகள். தைலமாவது ஒன்றாவது. மாரிசெல்வி பிள்ளையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள். எழிலுக்கு ஒரே குஷி. குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

ஜீப் ஒரு வேப்பமரத்து வளாகத்துக்குள் நுழைந்தது. மாரிசெல்வி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே எழிலைப் போலவே பிள்ளைகள். ஒன்று இரண்டு அல்ல, அறை நிறைய. ஒரு பெண்பிள்ளையை மரச்சட்டத்தில் சாய்த்து நிற்க வைத்திருந்தார்கள். ஒரு பையன் அந்தக் கால் இல்லாத நாற்காலியில், தரையோடு தரையாக, கால் இரண்டையும் நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். தன் பிள்ளை மாதிரி உலகத்தில் தன் பிள்ளை ஒருவன்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பு அங்கேயே உடைந்தது. 

"உள்ள வாங்கம்மா, ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்று கூப்பிட்டவர் பாக்கியவதி டீச்சர். அந்த மையத்தை நடத்துகிறவர். குரலைக் கேட்டதும் மாரிசெல்விக்குச் சுருக்கென்றது. கதவுக்கு வெளியே கேட்ட அதே குரல்.

டீச்சர் எழிலை வாங்கி, கால்களைக் கொஞ்சம் அகட்டி, சுவர் மூலைபோல இரண்டு பக்கமும் அணைக்கிற ஒரு மூலை நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார வைத்து, முன்னால் ஒரு பலகையைச் செருகினார். அவன் முதலில் விறைத்தான். பிறகு தலை கொஞ்சம் ஆடி நின்றது. யாரும் பிடிக்கவில்லை. எழில் தன் இரண்டு கையையும் பலகைமேல் போட்டுக்கொண்டு, சுற்றி இருக்கிற பிள்ளைகளை எல்லாம் ஒவ்வொருத்தராகப் பார்த்தான். ஐந்து வருஷமாக முகட்டு ஓடுகளையும் அம்மா முகத்தையுமே பார்த்துக் கிடந்த பிள்ளை.

"எந்த ஊரும்மா நீங்க?"

"எம். புதுப்பட்டிங்க டீச்சர்."

"அட, போன வாரம்தானே அங்க வந்தோம்! இந்த மாதிரிப் பிள்ளைங்க இருந்தா வாராவாரம் வந்து பயிற்சி கொடுக்கலாம்னு தேடி வந்தோம். தெரு முழுக்க ஒரே குரலா பிள்ளையே கிடையாதுன்னுட்டாங்க." டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு வீட்டுல ஒரு அம்மா, தரைக்குக் கீழ இருந்து கத்துற மாதிரி கத்துனாங்க பாருங்க."

மாரிசெல்வி சிரிக்கவில்லை. "அது நாந்தேன் டீச்சர்" என்றாள். "கட்டிலுக்கு அடியில இருந்தேன். இவனும் என்கூடத்தேன் இருந்தான்."

டீச்சர் எழிலின் பலகையைச் சரிசெய்தார். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னார். இருப்பது ஒரு ஜீப். ஆறு பிள்ளைகளாவது இருக்கிற ஊருக்குத்தான் வாராவாரம் போக முடியும். புதுப்பட்டியில் யாரும் இல்லை என்று எழுதியாகிவிட்டது. அந்த முறையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். மாசக் கடைசிக்குள் பிள்ளைகளைக் கண்ணால் காட்டினால் மாற்றலாம். இல்லையென்றால் எழிலை இங்கே கொண்டுவர வேண்டியதுதான். சீசன் நேரத்துப் பஸ்ஸில், நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் வருவது நடக்கிற காரியமா? மாரிசெல்விக்கு இப்போதே இடுப்பு விட்டுப்போயிருந்தது.

அங்கே மல்லாங்கிணற்றுச் சண்முகத்தாய் இருந்தாள், இட்லி தின்ற பையனின் அம்மா. கிளம்பும்போது மாரிசெல்வியை விடவில்லை. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான அடையாள அட்டை எங்கே போட வேண்டும், அட்டை இருந்தால் பஸ்ஸில் என்ன சலுகை, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள் எது என்று கொட்டித் தீர்த்தாள். "நான் தனியாப் போய் நின்னப்ப எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல வாசல்லயே நிப்பாட்டிட்டாக. எங்களை மாதிரிப் பெத்தவுக எல்லாம் சேந்து போனோம். நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாகல்ல! ஒத்தையா நின்னம்னா நம்மள யாரும் மனுஷின்னே மதிக்க மாட்டாகத்தா. ஆளைச் சேரு." மாரிசெல்வி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இம்புட்டும் இந்த உலகத்தில் இருந்திருக்கிறது, சி.பி.ஐ. மாரிக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது!

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஒரே கேள்விதான். நான் கதவைச் சாத்தி எம் பிள்ளையை ஒளித்தேன். அன்றைக்குத் தெருவில் அத்தனை கதவும் சாத்தியிருந்ததே, அதில் எத்தனை கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு பிள்ளை?

யாரிடமாவது போய் நேராகக் கேட்க முடியுமா? "ஒன் வீட்ல மொடமா ஏதாச்சும் இருக்கா" என்று கேட்டால் விளக்குமாறுதான் வரும். யோசித்து யோசித்துப் பார்த்தாள். தன் வீட்டையே நினைத்துப் பார்த்தபோது பிடி கிடைத்தது. சீசன் நேரத்தில் நிற்கத் தெம்புள்ள அத்தனை பெண்களையும் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போய்விடும். அவள் மட்டும் ஏன் போகவில்லை? எழிலை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் வீட்டில் இருந்தே குழாய் உருட்டுகிறாள். அப்படியானால் வேன் போன பிறகும் எந்தெந்த வீட்டில் காகிதக் கட்டு இறங்குகிறது? அங்கே எல்லாம் ஒருத்தி வீட்டை விட்டு நகர முடியாமல் கிடக்கிறாள். ஏன் கிடக்கிறாள்?

வீடுவீடாகக் காகிதக் கட்டு போட்டு, உருட்டிய குழாயை எடுத்துப் போகிறவர் காசிராஜன். மறுநாள் அவருடைய மூன்று சக்கர வண்டிக்குப் பின்னாலேயே மாரிசெல்வி போனாள். "என்ன தாயி, ஒன் கட்டுதேன் போட்டாச்சே, பின்னாலயே வாரே?" என்று அவர் முறைத்தார்.

"சும்மா ஒரு நடை போயிட்டு வாரேண்ணே."

"சீசன் நேரத்துல நடை போறவ நீ ஒருத்திதேன்."

வண்டி நிற்கிற வீடெல்லாம் மனசில் குறித்துக்கொண்டாள். கைக்குழந்தைக்காரிகளைத் தள்ளினாள், கிழவிகளைத் தள்ளினாள். மிஞ்சிய வீடுகள் ஆறு இருந்தன. அதில் ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராக்காயி வீடு! ராக்காயி விடிந்தும் விடியாமலும் வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போகிறவள். புருஷன் சோணைமுத்து லோடு ஏற்றப் போய்விடுவான். ஒரே மகள் தங்கேஸ்வரி சாத்தூரில் சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள் என்று ராக்காயியே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். பூட்டிய வீட்டில் யாரப்பா குழாய் உருட்டுகிறது?

"அண்ணே, ராக்காயிக்கா வீட்ல யாரு உருட்டுறாக?"

"எனக்கு எதுக்குத்தா அந்த வம்பு? ஜன்னல் வழியாக் கட்டைப் போடுதேன், ஜன்னல் வழியா எடுக்கேன்" என்று காசிராஜன் வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆள் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. வெளியே வர வைப்பது எப்படி? முனியராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எழில் தனியாக உட்கார்ந்தான் என்றதும் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "சும்மா சொல்லாத புள்ள" என்றான். அவள் சத்தியம் செய்தாள். அவன் அப்போதே எழுந்து போய், பழைய பட்டாசு மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அவள் சொல்லச் சொல்ல அறுத்து, மூலை வைத்து அடித்து, முன்னால் ஒரு பலகை செருக வழி செய்தான். எழிலை அதில் உட்கார வைத்தபோது, பையன் அப்பனை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தான். முனியராஜ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மாரிசெல்வி செய்ததுதான் வேடிக்கை. யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியை ஒரு கையிலும் பிள்ளையை இடுப்பிலுமாகக் கொண்டுபோய், மனசில் குறித்த வீட்டு வாசலுக்கு எதிரே வைத்து, எழிலை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்குக் குழாய் உருட்டினாள். முதல் வீட்டில் கதவு கொஞ்சம் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஆள் வெளியே வந்தாள்.

"ஏ மாரி, இவனுக்குத்தேன் கழுத்து நிக்காதே. எப்பிடிடீ உக்காந்திருக்கான்?"

"இந்தப் பெட்டியிலதேன் மதினி. விருதுநகர்ல ஒரு டீச்சர் சொல்லித் தந்தாக."

அவள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பலகையை இழுத்துப் பார்த்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எம் பிள்ளைக்கு ஆகுமாடீ?" என்றாள். மாரிசெல்வி உள்ளே போய்ப் பார்த்தாள். மூன்று வயசுப் பெண், தொட்டிலுக்கு மீறிய உடம்போடு தொட்டிலிலேயே கிடந்தது. இப்படியே அதே தெருவில் தள்ளித் தள்ளி வலிப்பு வருகிற பையன், பேச்சு வராமல் சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டே இருக்கிற இன்னொருவன், நடை வராத ஒரு பெண்பிள்ளை என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. ஒரு வீட்டில் மட்டும் அப்படி ஒன்றும் இல்லை, ஆஸ்துமாக்காரி ஒருத்தி இருமிக்கொண்டே வெளியே வந்து, "யாரைத் தேடி வந்தே?" என்று விரட்டிவிட்டாள். ஆக எழிலோடு சேர்த்து ஐந்து ஆயிற்று. ஆறாவது பிள்ளை ராக்காயி வீட்டில் இருக்க வேண்டும்.

ராக்காயி கம்பெனிக்குப் போன பிறகு மாரிசெல்வி அந்த ஜன்னலுக்குக் கீழே பெட்டியை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குள்ளே இருந்து சின்னக் குரல் கேட்டது. "யக்கா, அவன் என்னைப் பாத்துச் சிரிக்கான்." தங்கேஸ்வரிதான். பதின்மூன்று வயசிருக்கும். சூம்பின இரண்டு காலையும் மடித்துப் போட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் எல்லாரும் பார்த்த பிள்ளைதான். நாலைந்து வருஷமாகச் சாத்தூரில் இருக்கிறாள் என்று ஊரே நம்பியிருந்த பிள்ளை.

சாயங்காலம் ராக்காயிக்கு விஷயம் தெரிந்து, மாரிசெல்வியின் வீட்டு முன்னால் வந்து ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. "ஒன் மூக்கை அறுத்தாத்தேன்டீ அடங்குவே! எந்த ஜீப்புக்காரன்டீ ஒன்ன வேவு பாக்க அனுப்புனான்?" என்று ஆரம்பித்தவள், கத்திக் கத்திக் கடைசியில் அழுதாள். "அவளை நான் வேலைக்கு வைக்கல மாரி. சும்மா கெடந்தா அழுதுக்கிட்டே கெடப்பா. ஒரு நாள் அவளாத்தேன் கட்டைப் பிரிச்சு உருட்டுனா. அதை ஆபீசர் கண்டா என்ன எழுதுவான்? கால் வெளங்காத பிள்ளையை வேலை வாங்குற பாவின்னுதேன் எழுதுவான். அதான் உள்ள போட்டுப் பூட்டுனேன்."

"யக்கா, அது அந்த ஜீப்பு இல்லக்கா. நீல ஜீப்பு. டீச்சர் ஜீப்பு. டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், நாளைக்கு மறுநாள் வருது. தங்கேஸ்வரியைக் கொண்டு வாங்க. ஆறு பிள்ளை சேராட்டி இவனுக்கும் இல்ல, யாருக்கும் இல்ல."

"எந்த ஜீப்பும் ஜீப்புதேன்" என்று மூக்கைச் சிந்திவிட்டு ராக்காயி போய்விட்டாள்.

சொன்ன நாள் வந்தது. கம்பெனிக்கு விடுமுறை நாள். மற்ற நாலு தாய்மார்களும் வருகிறோம் என்று சத்தியம் பண்ணியிருந்தார்கள். மாரிசெல்வி எழிலைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நடுத்தெருவில் பெட்டியை வைத்து உட்கார வைத்தாள். நாலு பேரும் அவரவர் வாசலில் பிள்ளையோடு நின்றார்கள். ஊர் எல்லையில் ஜீப் சத்தம் கேட்டது.

"ஏய், ஜீப்புடீ!"

ராக்காயிதான். பழக்கதோஷம், வாய் தானாகக் கத்திவிட்டது. அவ்வளவுதான். மனசு யோசிப்பதற்குள் கால் ஓடிவிட்டது. படபடவென்று கதவுகள் சாத்தின. சத்தியம் பண்ணின நாலு கதவும் சேர்ந்தே சாத்தின. ஒரு நிமிஷத்துக்குள் தெருவில் ஒரு கோழிகூட இல்லை.  இத்தனை பாடும் இதற்குத்தானா? டீச்சர் இறங்கி வந்து பார்த்தால் மறுபடியும் அதே சாத்திய கதவுகள், மறுபடியும் அதே பதில்.

அவள் திரும்பி எழிலைப் பார்த்தாள். எழில் வலது கையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தான். முறுக்கிய கை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. விடாமல் மறுபடி தூக்கினான். உடம்பெல்லாம் நடுங்க, அந்தக் கையைக் கொண்டுவந்து தன் வாய்மேல் வைத்துப் பொத்திக்கொண்டான். பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தான், சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல.

மாரிசெல்விக்கு உயிரே போய்விட்டது. இந்த ஐந்து வருஷத்தில் அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான். அவன் அதை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அவள் மண்டி போட்டு உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். "வேண்டாம்லே எழிலு. கத்துலே. நல்லாக் கத்து, எம் ராசா." அவன் நம்பவில்லை. கை மறுபடி வாய்க்குப் போனது. அவள் மறுபடி எடுத்து, தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, தானே தலையைத் தூக்கி "ஓ...!" என்று கத்திக் காட்டினாள். எழிலின் கண் விரிந்தது. அவனும் கத்தினான். அடிவயிற்றில் இருந்து, தெருவே அதுவரை கேட்டிராத ஒரு குரல். கத்திவிட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு மறுபடி கத்தினான்.

நீல ஜீப் வந்து நின்றது. பாக்கியவதி டீச்சர் இறங்கி, தெருவையும் கதவுகளையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். எழில் விடவில்லை, கத்திக்கொண்டே இருந்தான். தொட்டில் பிள்ளையின் கதவு முதலில் திறந்தது. அந்தக் குரலுக்குப் பதிலாக உள்ளே இருந்து அந்தப் பிள்ளையும் ஏதோ சத்தம் போட்டது. அடுத்த கதவு திறந்தது. அதற்கடுத்தது. தாய்மார்கள் அசடு வழிந்துகொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

கடைசியாகத் திறந்தது ராக்காயியின் கதவு. பதின்மூன்று வயசுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க நடந்து வந்தாள். தங்கேஸ்வரி வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். ராக்காயி டீச்சர் முகத்தையும் பார்க்கவில்லை, மாரிசெல்வி முகத்தையும் பார்க்கவில்லை. மகளை எழிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, பாவாடையை இழுத்துவிட்டாள்.

"அவனைச் சத்தம் போடாம இருக்கச் சொல்லுடீ மாரி" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊரே கேக்குது."

"கேக்கட்டும்க்கா" என்றாள் மாரிசெல்வி.